குதிகால் வலியோடு ஓடாதீர்கள்

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஆண் பிள்ளைகளுக்கு ஒரே கணக்குதான்: 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தேய்ந்த ஷூவோடு தார்ச்சாலையில் திடீரென்று தூரத்தைக் கூட்டினால் முதலில் முறைப்பது குதிகால். காலையில் எழுந்ததும் முதல் நாலைந்து அடி நொண்டும். கெண்டைக்கால் சதை கயிறு போன்ற தசைநாணாகக் குறுகி எலும்பில் சேருமிடத்துக்குச் சற்று மேலே இரு விரலால் பிடித்தால் தடித்திருக்கும், சுரீரென்று வலிக்கும். உடம்பு சூடேறியதும் வலி மறைவதால் 'ஓடினா சரியாயிடும்' என்று நம்பிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கைதான் ஆபத்து. சீனத் தடை ஓட்ட வீரர் லியூ ஷியாங் இதே தசைநாண் தொல்லையால் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடாமலே திரும்பினார். 2012 லண்டனில் முதல் தடையிலேயே நாண் அறுந்து விழுந்தார்.

அதற்காகப் படுத்துக் கிடப்பதும் மருந்தல்ல. ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்கிப் பழக வேண்டும். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட முறைப்படி இது தினமும் இருவேளை, 12 வாரம். சலிப்பான வேலைதான், ஆனால் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. இதுவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குதிகாலில் வலி என்றால், எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டு நோகிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். தேர்வு நெருங்குகிறதே என்று நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள். அறுந்துபோகும் வாய்ப்பு கூடும். பயிற்சியாளர்களே, நொண்டுகிற பிள்ளையை அன்றைக்கு ஓடவிடாதீர்கள்.