வேர்க்கடலைக்கு ஒரு பாடவேளை

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் உள்ள ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் நாலு பாத்தி அளவுக்கு மணற்பாங்கான நிலம். ஆடியில் அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 30 வேர்க்கடலை ஊன்றினார்கள். 26 முளைத்தன. அன்றைய கழித்தல் கணக்கு அதுதான். முளைக்காத நாலையும் தோண்டிப் பார்த்தோம். இரண்டை எறும்பு தின்றிருந்தது.

ஆவணியில் மஞ்சள் பூ பூத்தது. பூ வாடிய இடத்திலிருந்து ஊசிபோல ஒரு விழுது கிளம்பி, மண்ணைத் துளைத்து இறங்கியது. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்த ஒரு சிறுமி, "டீச்சர், இது வேர்ல காய்க்கல. பூதான் மண்ணுக்குள்ள போய் காயாவுது" என்றாள். பெயரிலேயே வேர் இருக்கிற கடலையைப் பற்றி அவள் தானே கண்டுபிடித்த உண்மை அது. நான் சொல்லிக் கொடுத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பாள்.

அந்த வாரமே ஒரு மாணவனின் தாய் வந்தார். "நாந்தான் வெயில்ல களை எடுக்குறேன். எம்புள்ளையாவது பேனா புடிக்கட்டும்னு அனுப்புறேன். இங்கயும் மண்ணா?" என்றார்.

அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்து நின்ற நாடு இது. மறு ஆண்டே காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்தத் தாயின் பயத்துக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கிறது.

ஆகவே தோட்டம் பாடவேளைக்குள் இருக்க வேண்டும், நோட்டும் அளவுகோலும் கையில் இருக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் முறைவைத்துச் செய்ய வேண்டும், ஆசிரியர் கையிலும் மண் ஒட்ட வேண்டும். இவை இல்லையென்றால் அது வெறும் வேலை வாங்குவதுதான். பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மதிய உணவுக்குக் கீரையும் காயும் கிடைப்பது நல்லதுதான். ஆனால் எத்தனை கிலோ விளைந்தது என்று கேட்பவர்கள், பிள்ளை என்ன கற்றது என்றும் கேட்க வேண்டும்.

ஐப்பசியில், மழை வலுக்கும் முன் செடி பிடுங்க அந்தத் தாயையே அழைத்தோம். ஒரு காயை உடைத்து, தோலின் உட்புறத்தைக் காட்டினார். "உள்ள கறுத்திருந்தா முத்தின காய். வெள்ளையா இருந்தா இன்னும் பிஞ்சு." முப்பது பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். அவர் மகனும் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதினான்.

அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர் அவர். நான் கேட்பது இரண்டுதான்: தொடக்கப் பள்ளிக் கால அட்டவணையில் வாரம் ஒரு தோட்டப் பாடவேளை, அதற்கு வந்து கற்றுத்தரும் ஊர் விவசாயிக்கு மதிப்பூதியம்.