துடைத்தெறிந்ததில் என்ன இருக்கிறது?

மங்கிய ஒளியில் எடுத்த டிஜிட்டல் படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் புள்ளிகளை இரைச்சல் என்கிறோம். (காதுக்குரிய சொல் கண்ணுக்கு வந்தது வேறு கதை.) அதை நீக்கும் மென்பொருள்களுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இடப்புறம் புள்ளி மண்டிய வானம். வலப்புறம் துடைத்த பளிங்கு. இதை ஒரு தேர்வாகவே நான் கொள்வதில்லை. வெற்று வானத்தைத் துடைப்பதில் எந்த மென்பொருளும் தோற்பதில்லை. அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை.

இரைச்சல் முழுவதையும் கருவியின் குற்றமாகக் கருதுவதும் தவறு. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. ஒரு படப்புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது 1 விழுக்காடு. 100 துகள்களே விழும் இருட்டில் ஏற்ற இறக்கம் 10. அது 10 விழுக்காடு. எவ்வளவு விலை கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. உண்மையில் அங்கே என்ன இருந்தது என்பதை மென்பொருள் ஊகிக்கத்தான் முடியும்.

அந்த ஊகத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. 2005இல் புவாடெஸ், கோல், மோரெல் ஆகிய மூவர், ஒரே படத்துக்குள் ஒன்றையொன்று ஒத்த சிறு பகுதிகளைத் தேடிச் சராசரி காணும் முறையை வெளியிட்டபோது இச்சோதனையையும் முன்வைத்தனர். மூலப்படத்திலிருந்து துடைத்த படத்தைக் கழித்து, எஞ்சுவதைப் பார்க்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலேயே இரண்டு படங்களையும் அடுக்கி வேறுபாட்டைக் காணலாம். எஞ்சியது வெறும் மணலாக இருந்தால் நல்லது. அதில் புடவைக் கரையும் தலைமயிரும் கோட்டுருவாகத் தெரிந்தால், மென்பொருள் படத்தையே தின்றிருக்கிறது. நிற இரைச்சலைத் தாராளமாக நீக்கலாம். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகத் தேடுவதில்லை. ஒளிர்வு இரைச்சலில் கொஞ்சம் விட்டுவைப்பதே மேல். இல்லாவிட்டால் பாட்டியின் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

2020இல் வந்த டி.எக்ஸ்.ஓ. நிறுவனத்தின் டீப் பிரைம், 2023இல் அடோபி லைட்ரூமில் சேர்ந்த டீநாய்ஸ் ஆகியவை வேறு இனம். பிற படங்களிலிருந்து கற்றுக்கொண்டு வந்தவை. பறவையின் இறகுக்கும் மேடைக் கச்சேரிக்கும் அவை பழையவற்றை எளிதாக விஞ்சுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒளி பதியாத இடத்தைத் தாம் கற்றதைக் கொண்டு நிரப்பவும் இவ்வகை மென்பொருள்கள் வல்லவை.

நம்மில் சிலர் ஓலைச்சுவடிகளையும் பழைய நூல்களையும் படமெடுத்துச் சேமிக்கிறோம். என் அச்சம் அங்கேதான். சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். படிப்பவர் இடமறிந்து உய்த்துணர வேண்டிய எழுத்து அது. அதற்கு ஆதாரமாக இருப்பது சில வேளைகளில் மங்கிய ஒரு கீறல்தான். அந்தக் கீறலை இயந்திரம் அழித்தோ நீட்டியோ தந்துவிட்டால், எந்த ஏட்டிலும் இல்லாத பாடபேதம் ஒன்று பிறந்துவிடும். பின்னால் வரும் பதிப்பாசிரியர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

சுவடி எங்கும் ஓடிவிடப் போவதில்லை. கேமராவை முக்காலியில் பொருத்தி, ஒரே அமைப்பில் 16 முறை எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் கால் பங்காகக் குறையும். அதில் ஊகத்துக்கு வேலையே இல்லை. கைப்பேசிகளோ படத்தைச் சேமிக்கும் முன்பே ஒருமுறை துடைத்துவிடுகின்றன. ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். துடைத்த படியைப் படிப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.