கமிட்டி நாற்காலி யாருக்கு?

மருந்து கலந்து கொடுக்கிறவர்களுடைய சங்கத்தில் கமிட்டிக்கு யாரைப் போட்டால் என்ன, யாரை விட்டால் என்ன, அதைப்பற்றி நமக்கென்ன கவலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். காய்ச்சல் வந்தால் கடைக்குப் போகிறோம், சீட்டை நீட்டுகிறோம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதில் கமிட்டி எங்கே வந்தது என்பார்கள். கமிட்டி அந்த மருந்துச் சீசாவுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் நமது பதில். அதைக் கலப்பவன் என்ன படித்திருக்கவேண்டும், எந்தப் பரீட்சையில் தேறியிருக்கவேண்டும், விஷச் சரக்கை யார் விற்கலாம், தப்புச் செய்தால் அவன் பெயரை யார் அடிக்கவேண்டும் என்பவைகளையெல்லாம் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிற சில பேர்தான் முடிவு செய்கிறார்கள். அந்த மேஜையில் யார் உட்காருவது என்பது, மருந்து தின்கிற ஒவ்வொருவனையும் பொருத்த விஷயமேயாகும்.

1858ம் வருஷம் இங்கிலாந்தில் பிராட்போர்டு என்னும் ஊரில் மிட்டாய் செய்கிறவர் ஒருவர், சர்க்கரை விலை அதிகமென்று அதோடு கலப்பதற்காக மலிவான வெள்ளைப் பொடி வாங்கிவர ஆள் அனுப்பினார். மருந்துக்கடை முதலாளி நோயாய்ப் படுத்திருந்தார். கடையில் இருந்த உதவியாள் எந்தப் பீப்பாயில் எது இருக்கிறதென்று தெரியாமல், 12 பவுண்டு வெள்ளைப் பாஷாணத்தை நிறுத்துக் கொடுத்துவிட்டான். மிட்டாய் தின்ற குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சுமார் 20 பேர் செத்தார்கள். 200 பேருக்கு மேல் படுக்கையில் விழுந்தார்கள். கோர்ட்டில் யாருக்கும் தண்டனையில்லை. ஏனென்றால் மருந்துக்கடையில் நிற்கிறவனுக்கு இன்ன யோக்கியதை வேண்டும் என்று அப்பொழுது கட்டாயமான சட்டம் எதுவும் இல்லை. நம் நாடாயிருந்தால் தலையெழுத்து என்று சொல்லி, செத்தவர்களுக்குத் திவசம் கொடுத்து வருஷா வருஷம் சாப்பிட்டிருப்பார்கள். அங்கே பத்து வருஷம் இழுத்தடித்தாலும் 1868ல் சட்டம் செய்தார்கள். ரிஜிஸ்தரில் பேர் பதியாதவன் விஷச் சரக்கை விற்கக்கூடாது, பரீட்சை தேறாதவன் ரிஜிஸ்தரில் ஏறக்கூடாது என்று ஆயிற்று. அந்த ரிஜிஸ்தரும் பரீட்சையும் லண்டனிலிருந்த மருந்தாளர் சங்கத்தின் கையில் வந்தன. 1841ல் ஜேக்கப் பெல், வில்லியம் ஆலன் முதலானவர்கள் கூடி ஏற்படுத்திய சங்கம் அது. 1843ல் ராஜ சாசனமும் பெற்றது.

இதுவரை சரி. வேடிக்கை இதற்குமேல்தான் ஆரம்பிக்கிறது.

1869ல் அச்சான கட்டாய ரிஜிஸ்தரில் 11,638 பேர் இருந்தார்கள். அதில் 223 பேர் பெண்கள். இவர்களில் பெரும்பாலோர் புருஷன் செத்தபிறகோ, தகப்பன் தளர்ந்தபிறகோ கடையை விடாமல் நடத்திவந்தவர்கள். உரலில் சரக்கை இடித்தபோதும், தராசில் நிறுத்தபோதும், நடுராத்திரியில் கதவைத் தட்டியவனுக்கு மருந்து எடுத்துக் கொடுத்தபோதும், "நீ பெண்ணாயிற்றே" என்று அவர்களைத் தடுத்தவர் யார்? 1870ல் பானி டீக்கன் என்கிற அம்மையார் புதுச் சட்டத்தின்படி பரீட்சை எழுதித் தேறினார். அதையும் தடுக்க முடியவில்லை. ஆனால் "பரீட்சை தேறிவிட்டோம், உங்கள் சங்கத்தில் எங்களை அங்கத்தினராய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பெண்கள் வந்து நின்றவுடனேதான் கனவான்களுக்குத் திடீரென்று நாகரிகமும், ஒழுக்கமும், பழைய வழக்கமும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிரசங்கம் கேட்கலாம், சோதனைச்சாலைக்குள் வரக்கூடாது என்றார்கள். பரீட்சைக்குப் பணம் கட்டலாம், சங்கத்தில் சேரக்கூடாது என்றார்கள். ரோஸ் மின்ஷல் என்கிற பெண் ஆரம்பப் பரீட்சையில் ஆண்களையெல்லாம் தாண்டி முதலாவதாக வந்தார். இஸபெல்லா கிளார்க் என்பவர் 1875ல் பெரிய பரீட்சையே தேறி, அடுத்த வருஷம் லண்டனில் பாடிங்டன் பகுதியில் சொந்தமாகக் கடையும் வைத்தார். அப்படியும் கதவு திறக்கவில்லை. நிர்வாக சபையில் இருந்த ராபர்ட் ஹாம்ஸன் என்கிற ஒரு மனிதர் திரும்பத் திரும்பப் பிரேரேபணை கொண்டுவந்துகொண்டே இருந்தார். தோற்றார், மறுபடி கொண்டுவந்தார். (இப்படி ஒரு ஆண் எழுந்து நிற்காமல் அந்தப் பெண்களின் விண்ணப்பம் மேஜைக்கே வந்திருக்காது என்பதையும், அப்படி நின்றதற்காக அவருக்கு நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை என்பதையும் நம் ஆண் தோழர்கள் கவனிக்கவேண்டுமென்று கோருகிறோம்.) கடைசியில் 1879 அக்டோபரில் கிளார்க்கையும் மின்ஷலையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த மாதிரி மனுஷர்களை நமக்குத் தெரியாதா? நம் கிராமத்தில் பிரசவ வேதனை என்றால் நடுச்சாமத்தில் லாந்தரை எடுத்துக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்கு ஓடுவார்கள். அவள் கைபட்டுத்தான் மேல்சாதிக்காரன் பிள்ளையும் பூமியில் விழுந்தான். ஆனால் அதே பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாளில் அவளுக்குப் பந்தியில் இலை கிடையாது. வாசலில் நின்று முறத்தில் நெல் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். வேலைக்கு ஆள் வேண்டும், நாற்காலிக்கு மட்டும் ஆள் வேண்டாம் என்கிற இந்தப் புத்திக்கு லண்டன் என்றும் லால்குடி என்றும் பேதமில்லை.

நிற்க, சங்கத்தில் சேர்த்தாகிவிட்டதே, அதோடு சரியாய்ப்போயிற்றா என்றால், இல்லை. அங்கத்தினராவது வேறு, அதிகாரத்தில் உட்காருவது வேறு. பெண்கள் 1905ல் தங்களுக்கென்று ஒரு சங்கம் கூட்டி, வேலை தேடிக்கொடுப்பதும் சம்பளத்துக்காக வாதாடுவதுமாக இருந்தார்கள். அவர்களில் முன்னணியில் நின்ற மார்கரெட் புக்கனன் அம்மையார் 1918ல்தான் மருந்தாளர் சங்கத்தின் நிர்வாக சபைக்கு எடுக்கப்பட்டார். சங்கம் பிறந்து 77 வருஷம், பெண்கள் உள்ளே நுழைந்து 39 வருஷம் கழிந்திருந்தது. பரீட்சகர் போர்டில் முதல் பெண்ணாக ஆக்னஸ் பாரோமன் அம்மையாரை நியமித்தது 1924ல். அதாவது ஒரு பெண் அந்தப் பரீட்சையைத் தேறிக் காட்டிய பிறகு, வேறொரு பெண் கேள்விக்காகிதம் போட உட்காருவதற்கு 54 வருஷம் சென்றது. தலைமை நாற்காலியில் ஜீன் இர்வைன் அம்மையார் 1947ல் அமர்ந்தார். கணக்குப் பார்த்தால் 106 வருஷம். இன்றைக்கு அந்நாட்டு ரிஜிஸ்தரில் பாதிக்கு மேல் பெண்களேயாவார்கள். மருந்தும் கெட்டுப்போகவில்லை, சங்கமும் இடிந்து விழவில்லை.

"திறமையைப் பார்த்துத்தான் கமிட்டிக்குப் போடவேண்டும், ஆண் பெண் என்றும் வகுப்பு என்றும் பார்க்கலாமா?" என்கிற உபதேசம் நம் காதுக்குப் புதிதல்ல. நாம் கேட்பது ஒன்றுதான். 1879க்கு முன்னும் திறமையைத்தானே பார்த்தீர்கள்? முதலாவதாகத் தேறினவளை வெளியில் நிறுத்தியபோது எந்தத் திறமையின் குறைவைக் கண்டுபிடித்தீர்கள்? தராசையும் தாங்களே பிடித்து, படிக்கல்லையும் தாங்களே செதுக்கி, கடைசியில் நிறையிலும் தாங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு "பாருங்கள், எங்கள் பக்கம்தான் கனம்" என்பதற்குத் திறமை என்று பேர் வைத்தால் நாம் ஏமாறத் தயாரில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். அந்தச் சங்கம் 2010 வரையில் மருந்தாளர்களுக்கு வக்கீலாகவும் இருந்தது, அவர்களை விசாரித்துத் தண்டிக்கிற நீதிபதியாகவும் இருந்தது. இரண்டு வேலையும் ஒருவனே செய்தால் எந்த வேலை ஒழுங்காய் நடக்கும்? அந்த வருஷம் இரண்டையும் பிரித்து, ரிஜிஸ்தரையும் தண்டனையையும் தனியான ஒரு கவுன்சிலிடம் ஒப்படைத்தார்கள். அதில் 14 பேர். ஏழு பேர் தொழிலைச் சேர்ந்தவர்கள், ஏழு பேர் தொழிலுக்கு வெளியிலிருந்து வருகிற பொதுஜனங்கள். இவர்களைத் தேர்ந்தெடுப்பது ஓட்டு அல்ல, பிரிவி கவுன்சில் நியமனம். நியமனம் என்றால் மேலே இருப்பவன் தனக்கு வேண்டியவனைப் போட்டுக்கொள்வான் என்கிற பயம் நமக்கு இருக்கத்தான் செய்கிறது. ஓட்டு என்றால் மட்டும் யோக்கியம் என்றும் நாம் நினைக்கவில்லை. எப்படியிருந்தாலும் மருந்து தின்கிறவன் பாதி நாற்காலியில் உட்காரவேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார்களே, அது பெரிய காரியம்.

நம் நாட்டில் 1948ல் செய்யப்பட்ட பார்மஸி சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மாகாண கவுன்சிலுக்கு ரிஜிஸ்தரில் பதிந்தவர்கள் தங்களுக்குள் ஓட்டுப்போட்டு ஆறு பேர், சர்க்கார் நியமிப்பது ஐந்து பேர், வைத்தியர் கவுன்சிலிலிருந்து ஒருவர், மற்றப்படி உத்தியோகஸ்தர்கள் என்று வகுத்தார்கள். நோயாளிக்கென்று அதில் ஒரு முக்காலிகூடப் போடவில்லை. சரி, தொழில்காரர்களாவது தங்கள் ஆறு இடத்தை ஒழுங்காய்க் கவனிக்கிறார்களா? இவ்வியக்கத்தில் ஈடுபாடுள்ள மருந்தாளர் தோழர்கள் பலர் நம்மிடம் வருவதுண்டு. போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப்போட்டீர்கள், நின்றவர்களில் பெண் எத்தனை பேர், கிராமத்துக் கடையில் வேலை செய்கிறவன் எத்தனை பேர் என்று கேட்டால் மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

சில நாட்களுக்கு முன் இருமலுக்கு மருந்து வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். சுவரில் கண்ணாடி போட்டு ஒருவருடைய சர்டிபிகேட் தொங்கிற்று. மருந்தை எடுத்துக் கொடுத்ததோ மீசை முளைக்காத ஒரு பையன். சர்டிபிகேட்டுக்கு உடையவர் எங்கே என்று கேட்டோம். "அவர் இங்கே வருவதில்லைங்க, மாசத்துக்கு ஒரு தடவை வந்து பணம் வாங்கிக்கொண்டு போவார்" என்று பையன் கள்ளங்கபடமில்லாமல் சொன்னான். டாக்டர் சீட்டுக்குப் பதிவு பெற்றவனே மருந்து கொடுக்கவேண்டும் என்று மேற்படி சட்டத்தின் 42வது பிரிவு சொல்லுகிறது. அந்தப் பையன் எந்த டப்பாவில் கைவைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றோம். பிராட்போர்டு பீப்பாய்தான் ஞாபகத்துக்கு வந்தது.