ஆபரேஷன் முடிந்துவிட்டது... 'கரன்ட்' எத்தனை நாள் வைக்க வேண்டும்?

கதிர்வீச்சு சிகிச்சையைக் கிராமங்களில் பலர் 'கரன்ட் வைக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் இதைச் சொன்னால், வீட்டில் எழும் பெரிய கேள்வி 'எத்தனை நாள் போய் வரணும்?' என்பதுதான்.

கறம்பக்குடியில் இருப்பவர்களுக்கு இது நியாயமான கேள்வி. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. கதிர்வீச்சு சிகிச்சை தரும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு வழிக்கே 40 கி.மீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். பழைய முறைப்படி 25 நாள் போய் வந்தால் மொத்தம் 2,000 கி.மீட்டரைத் தாண்டிவிடும். கூட வருபவரின் கூலியும் போகும். இதனாலேயே சிலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் 'மார்பை முழுசா எடுத்துடுங்க, கரன்ட் வேண்டாம்' என்று முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

கட்டியை எடுத்த பிறகும் ஏன்?

கட்டியை மட்டும் நீக்கி மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷனில், கண்ணுக்குத் தெரியாத புற்றுச் செல்கள் உள்ளே தங்கியிருக்கலாம். அவற்றை அழிப்பதுதான் கதிர்வீச்சின் வேலை. இப்படி ஆபரேஷன் செய்துகொண்ட 10,801 பெண்களின் விவரங்களைத் தொகுத்த ஆய்வு 2011-ல் வெளியானது. கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 100-க்கு 35 பேருக்கு 10 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. எடுத்தவர்களில் அது 19 பேர்தான்.

மார்பை முழுதாக எடுத்தாலும் கதிர்வீச்சு தேவைப்படலாம். கட்டி 5 செ.மீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருந்தாலோ பெரும்பாலும் டாக்டர்கள் பரிந்துரைப்பார்கள்.

குறிவைத்துத் தரும் முறை

முதலில் சி.டி ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே பட வேண்டும், எங்கே படக் கூடாது என்று கம்ப்யூட்டரில் திட்டமிடுவார்கள். தோலில் சிறு அடையாளங்கள் வைப்பார்கள். பிறகு லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்ற இயந்திரம் பல கோணங்களில் கதிரைச் செலுத்தும். இடது மார்பு என்றால் இதயத்தைக் காக்க வேண்டும். அதற்காக மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்லும் முறையும் உண்டு. அப்போது நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகிக்கொள்ளும்.

கதிர் படும்போது வலிக்காது. தோல் சிவப்பதும் உடல் அசதியும் வரலாம். வெளியிலிருந்து தரும் கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம்.

25, 15, 5... பிறகு ஒரே முறை

பிரிட்டனில் நடந்த ஆய்வுகள், 5 வாரத்தில் 25 முறை தருவதைப் போலவே 3 வாரத்தில் 15 முறை தருவதும் பலன் தரும் என்று காட்டின. 2020-ல் வெளியான 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' ஆய்வில் 4,096 பேர் பங்கேற்றார்கள். ஒரே வாரத்தில் 5 முறை தந்தபோதும் 5 ஆண்டுகளுக்குள் நோய் திரும்புவது அதிகரிக்கவில்லை. கறம்பக்குடி கணக்கில் 2,000 கி.மீ. என்பது 400 கி.மீ. ஆகிறது.

இன்னொரு முறை 'டார்ஜிட்'. கட்டியை எடுத்ததும் அதே ஆபரேஷன் மேஜையில், அந்தக் குழிக்குள் சிறு உருண்டை போன்ற கருவியை வைத்து 20 முதல் 30 நிமிடம் கதிர் தருவார்கள். 1998-ல் லண்டனில் முதன்முதலில் செய்தார்கள். இதை உருவாக்கியவர்களில் ஒருவர், இந்திய வம்சாவளி மருத்துவர் ஜெயந்த் வைத்யா. 45 வயதைத் தாண்டிய, கட்டி சிறிதாக இருந்த பெண்களிடம் பரிசோதித்தார்கள். 5 ஆண்டுகளில் அதே மார்பில் நோய் திரும்பியது 100-க்கு சுமார் 2 பேருக்கு. வழக்கமான முறையில் அது சுமார் ஒருவர். இப்படிச் செய்துகொண்டவர்களிலும் சிலருக்கு, கட்டியின் பரிசோதனை முடிவைப் பொறுத்து வழக்கமான கதிர்வீச்சும் தேவைப்படும். இந்தக் கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை.

குறைந்த நாள் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. வயது, கட்டியின் அளவு, அதன் வகை, நெறிக்கட்டிகளின் நிலை ஆகியவற்றைப் பார்த்து டாக்டர்தான் முடிவெடுப்பார்.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சு சிகிச்சையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள் சேரலாம். அட்டை இல்லாதவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. சென்னை வரை போக நேர்ந்தால், புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கியவர், புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்தவர் அவர்.

ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்

* மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷன் எனக்குச் சரிவருமா?
* கதிர்வீச்சு எத்தனை முறை? 15 அல்லது 5 முறை போதுமா?
* முழு மார்புக்குமா, கட்டி இருந்த இடத்துக்கு மட்டுமா?
* தினமும் வர முடியாவிட்டால் தங்க இடம் கிடைக்குமா?

பஸ் கிடைக்கவில்லை, காய்ச்சல் என்று ஒருநாள் தவறினால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். விடுபட்டதை ஈடுசெய்ய வழி சொல்வார்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. எத்தனை முறை என்று முடிவானாலும், கடைசி முறை வரை போய் வர வேண்டும்.