முகமூடியும் சாவித்திரியும்

படம் எடுப்பவர் ஒருவர். அதற்கு அனுமதி அளிப்பவர் இன்னொருவர். ஆனால் அந்தப் படம் எதைப் பற்றியது என்று தீர்மானிக்கிறவர், கொட்டகையை விட்டு வெளியே வருகிற மனிதர்தான். பெரிய பெரிய சர்க்கார்களுக்கெல்லாம் இந்தச் சின்ன விஷயம் புரிவதில்லை.

தற்கால இளைஞர் வெகுவாகக் கொண்டாடும் ஓர் ஆங்கிலப் படத்தை எடுத்துக் கொள்வோம். ‘வி பார் வெண்டெட்டா’ என்று அதற்குப் பெயர். ஆலன் மூர் எழுத, டேவிட் லாயிட் சித்திரம் வரைய, 1982-ல் ஒரு பத்திரிகையில் ஆரம்பமான சித்திரக் கதை அது. வருங்கால இங்கிலாந்தில் கொடுங்கோல் ஆட்சி. ஜனங்களின் நடமாட்டமெல்லாம் ஒற்றர் கண்காணிப்பில். அதை எதிர்த்து முகமூடி தரித்த ஒருவன். 2006-ல் படம் வெளிவந்ததும் ரஸிகர்கள் இரண்டு கட்சியானார்கள். “கதையில் நாயகன் எந்தச் சர்க்காருமே வேண்டாம் என்பவன், படத்திலோ கெட்ட சர்க்காரை மட்டும் எதிர்க்கிறவனாகிவிட்டான்” என்று குறைப்பட்டது ஒரு கட்சி. “இத்தகைய விஷயத்தை இத்தனை பேர் பார்க்கும்படி செய்தார்களே, அது போதாதா?” என்றது மற்றொரு கட்சி. மூர் தம் பெயரைப் படத்தில் போடவே கூடாதென்று சொல்லிவிட்டார். லாயிட் படத்தை ஆதரித்தார். எழுதிய கையும் வரைந்த கையுமே ஒத்துப் போகாதபோது, பார்த்தவர்கள் ஒத்துப் போவார்களா?

ஜனங்களோ இந்த வாதங்களுக்காகக் காத்திருக்கவில்லை. படத்திலிருந்து முகமூடியை மட்டும் கழற்றி எடுத்துக் கொண்டு வீதிக்கு வந்துவிட்டார்கள். 2011-ல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் பணக்காரர் ஆதிக்கத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் பலர் முகத்திலும் அதுதான். அந்த முகமூடியின் உரிமை படக் கம்பெனியிடம் இருந்தபடியால், கம்பெனியின் அனுமதி பெற்று விற்ற ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஒரு பங்கு போயிற்று. முதலாளிகள் ஒழிக என்று கோஷம் போட்டவர்கள், ஒரு பெரிய முதலாளிக்குக் காணிக்கை செலுத்திவிட்டே கோஷம் போட்டார்கள்!

இதெல்லாம் சீமை விவகாரம் என்று தஞ்சை ஜில்லாக்காரர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். இதற்கு 67 வருஷங்களுக்கு முன்பே நம் காவிரிக் கரை மனிதர்கள் இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். ‘தியாக பூமி’ படம் 1939-ஆம் வருஷம் மே மாதம் வெளிவந்தது. கதை எழுதிய கல்கி மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தவர். டைரக்டர் கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். கதாநாயகர் சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவனும் தஞ்சை மண்ணின் பிள்ளைதான். ஆனந்த விகடனில் கதை தொடராக வந்தபோது, படத்திலிருந்து எடுத்த புகைப்படங்களே அதற்குச் சித்திரங்களாக அச்சாயின. ஆகவே வீட்டிலிருந்தவர்கள் கதையைப் படிக்கும்போதே படத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கதை நடக்கும் நெடுங்கரை, குடமுருட்டிக் கரையில் உள்ள கற்பனைக் கிராமம். வெள்ளத்தில் குடிசை இழந்த சேரி ஜனங்களுக்குச் சம்பு சாஸ்திரி இடம் கொடுக்கிறார்; அக்கிரகாரம் அவரைத் தள்ளி வைக்கிறது. 1924-ஆம் வருஷத்துக் காவிரிப் பெருவெள்ளத்தைக் கண்ணால் கண்ட நம் ஜில்லாவாசிகளுக்கு வெள்ளம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருந்திராது. தள்ளி வைப்பது என்றால் என்னவென்றும் விளக்க வேண்டியதில்லை. சுப்பிரமணியம் 1937-ல் எடுத்த ‘பாலயோகினி’க்காகத் தஞ்சாவூர் வைதிகர்கள் கூடி அவரையே ஜாதிப் பிரஷ்டம் செய்ததாகத் திரைப்பட சரித்திரம் எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

படம் வெளிவந்த சமயம் சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை இருந்தது. அக்டோபர் மாதம் மந்திரிசபை ராஜினாமாச் செய்தது. 1940-ல் பிரிட்டிஷ் சர்க்கார் படத்தைத் தடை செய்தது. தடை வருகிறதென்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் படத்தை இலவசமாகக் காட்டினார்கள். கூட்டம் அலை மோதியது. கடைசியில் போலீஸார் தடியடி நடத்தினார்கள். காந்தி மகான் திரையில் தோன்றுவதையும், கதரையும், தேச பக்திப் பாட்டையும் கண்டு சர்க்கார் பயந்தது.

ஆனால் அந்தப் படத்தில் நிஜமாகவே பயப்பட வேண்டிய விஷயம் எது? என் அபிப்பிராயத்தில், அது சாவித்திரி! கணவன் ஸ்ரீதரனால் கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பிணியாக வீட்டை விட்டு வந்தவள் சம்பு சாஸ்திரியின் மகள் சாவித்திரி. காலச் சுழற்சியில் அவள் உமாராணி என்ற செல்வச் சீமாட்டியாகிறாள். அப்போது அவளைத் தன்னோடு சேர்த்து வைக்கும்படி ஸ்ரீதரன் கோர்ட்டில் வழக்குத் தொடுக்கிறான். சாவித்திரி சொல்கிற பதில் என்ன? வேண்டுமானால் அவருக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்கிறேன். சேர்ந்து வாழ மாட்டேன் என்பதுதான்!

இந்த இடத்தில் இன்றைக்கும் வீட்டுக்கு இரண்டு கட்சி உண்டாகும். குடும்பம் என்றால் பொறுத்துப் போக வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். யார் பொறுப்பது, எவ்வளவு காலம் பொறுப்பது என்று இன்னொருவர் கேட்பார். எஸ். டி. சுப்புலட்சுமி அந்த வேஷத்தில் அணிந்தவற்றைப் பார்த்துத் ‘தியாக பூமி’ புடவை, வளை என்று கடைகளில் விற்பனையானதாகச் சொல்வார்கள். முகமூடியை வாங்கியவர்களைப் போல் இவர்களும் எளிதில் எடுத்துக் கொள்ளக் கூடியதை எடுத்துக் கொண்டார்கள். அவள் கேட்ட கேள்வியோ அவ்வளவு எளிதில் யாருக்கும் அணியக் கிடைக்கவில்லை.

சட்டமும் மெதுவாகவே நடந்தது. ஹிந்து மனைவி சில காரணங்களுக்காகத் தனியே வசித்து ஜீவனாம்சம் பெறலாம் என்ற சட்டம் 1946-ல் வந்தது. சென்னை மாகாணத்தில் விவாகரத்துச் சட்டம் 1949-ல் வந்தது. 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம், கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கோரலாம் என்று சொல்லிற்று. சாவித்திரி கோர்ட்டில் சொன்னது 16 வருஷத்தில் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது!

ஆனால் அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பிரிந்து போனவரைச் சேர்ந்து வாழும்படி கோர்ட்டு உத்தரவிடவும் இடம் கொடுத்தது. 1983-ல் ஆந்திர ஹைகோர்ட்டு அப்பிரிவு செல்லாதென்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் கணவனால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்ட மனைவி ஒரு ஸினிமா நடிகை! மறு வருஷமே, வேறொரு வழக்கில், பிரிவு செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. சர்க்காரின் தடை பழங்கதையாகிவிட்டது. சாவித்திரியின் வழக்கு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

ஆகையால் நேயர்களே, எந்தப் படத்தைப் பார்த்து வந்தாலும் “நன்றாயிருக்கிறது”, “நன்றாயில்லை” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். சாப்பாடு ஆன பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து, யார் எந்தக் கட்சி, ஏன் என்று கேளுங்கள். பெரியவர்களின் அபிப்பிராயம் கேளாமலே வந்துவிடும். பரிமாறிக் கொண்டிருந்தவரின் அபிப்பிராயத்தை முதலில் கேளுங்கள்.