முனைய நிரல்களில் பிழை நீக்கமும் வேக அபிவிருத்தியும்

கணிப்பொறியில் டெர்மினல் எமுலேட்டர் என வழங்கும் நிரலைப் பொதுமக்களிற் பெரும்பாலோர் கண்டதில்லை. எனினும் வங்கிக் கணக்கு, இரயில் முன்பதிவு, வானிலைக் கணக்கீடு ஆகியவற்றை நடத்தும் பொறிகளைப் பேணுகின்ற பொறியியலாளர்கள் நாள்தோறும் கட்டளையிடுவது இதன் வழியாகவே. ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிக்கும் இது கைக்கருவி. சுருக்கம் கருதி இதனை இக்கட்டுரையில் ‘முனைய நிரல்’ என்போம். இத்தகைய நிரல்களில் பிழைகளைக் களைவதும் அவற்றின் வேகத்தை மிகுவிப்பதும் சிறிய கைவேலை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அவ்வெண்ணம் தவறானது, இந்திய மொழிகளைப் பொறுத்தவரை நமக்கு நட்டம் விளைவிப்பதுமாகும்.

முனைய நிரலின் இயல்பை அறிய அதன் முன்னோரை அறிதல் வேண்டும். 1963-இல் வெளிவந்த டெலிடைப் மாதிரி 33 என்னும் யந்திரம், விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் காகிதச் சுருளில் அச்சடித்தது. பின்னர்க் காகிதத்தின் இடத்தில் கண்ணாடித் திரை வந்தது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் கார்ப்பரேஷன் 1978-இல் வெளியிட்ட வி.டி.100 என்னும் முனையம், திரையை 24 வரிகளாகவும் வரிக்கு 80 கட்டங்களாகவும் பகுத்தது. 1928-இல் ஐ.பி.எம். நிறுவனம் வகுத்த துளையட்டையிலும் நிரைகள் எண்பதே. அந்த யந்திரங்கள் இன்று காட்சிச்சாலைக்குரியவை. ஆயினும் அவற்றைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள் வாழ்கின்றன. 1984-இல் தோன்றிய எக்ஸ்டெர்ம் இவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று. தாமஸ் டிக்கி என்பவர் 1996 முதல் அதனைப் பேணித் திருத்தி வந்துள்ளார். ஒரு நிரலை எழுதுவதற்குச் சில மாதங்கள் போதும். அதனைப் பிழையின்றி வைத்திருப்பதற்கு ஓர் ஆயுட்காலம் தேவைப்படுகிறது என்பதற்கு இது தக்க சான்று.

பிழைகள் எங்கிருந்து தோன்றுகின்றன? முனைய நிரலுக்கு வந்து சேரும் ஓட்டத்தில், திரையில் காட்டவேண்டிய எழுத்துக்களும் திரைக்குரிய கட்டளைகளும் கலந்தே வருகின்றன. ‘நிறத்தை மாற்று’, ‘ஐந்தாம் வரிக்குச் செல்’, ‘இவ்வரியை அழி’ என்பன போன்ற கட்டளைகள், ஆஸ்கி முறையில் 27 என்னும் எண்ணுடைய குறியுடன் தொடங்குகின்றன. இவற்றுக்கான பொது விதிகளை 1976-இல் வெளிவந்த எக்மா-48 தரநூல் வகுத்தது. கட்டளையின் முடிவை நிரல் ஓரிடத்தில் தவறாகக் கணித்துவிட்டால், அதன் பின் வருவன யாவும் குழம்பிவிடும். எழுத்து எது, கட்டளை எது என்று பிரித்தறிவதே முனைய நிரலின் முதற்கடமை.

இக்கடமையில் தவறுவது வெறும் தோற்றக்குறை மட்டுமன்று. முனையத்தின் தலைப்பை மாற்றும் கட்டளையும், அத்தலைப்பைத் திரும்பக் கூறுமாறு கேட்கும் கட்டளையும் எக்ஸ்டெர்மில் ஒருங்கே இருந்தன. திரும்பி வரும் விடையோ, பயனாளரே தட்டச்சு செய்தது போல உள்ளே நுழைந்தது. ஆகவே, தீய எண்ணத்துடன் எழுதப்பெற்ற ஒரு கோப்பைத் திரையில் காட்டிய அளவிலேயே பிறருடைய கட்டளை நம் பொறியில் நுழையக்கூடும் என்பது 2003-இல் வெளிப்படையாக எடுத்துக்காட்டப்பட்டது. மீண்டும் 2021-இல், எழுத்துக்களின் மேலும் கீழும் சேரும் குறிகளைத் திட்டமிட்டு அடுக்கினால் எக்ஸ்டெர்ம் சிதைந்து நின்றுவிடும் என்று கண்டறியப்பட்டு, 366-ஆம் திருத்தத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டுகள் பழகிய நிரலிலும் இத்தகைய பிழை மறைந்திருந்தது.

இனி வேகத்தைக் கருதுவோம். 2021-ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் டெர்மினல் பல நிற எழுத்துக்களை மிக மெதுவாகக் காட்டுகிறது என்று கேசி முராட்டோரி என்னும் நிரலாளர் முறையிட்டார். அவர் வேண்டும் திருத்தம் முனைவர் பட்டத்திற்குரிய ஓர் ஆராய்ச்சியை ஒக்கும் என்று மறுமொழி கிடைத்தது. அவர் சில நாட்களிலேயே ஒரு மாதிரி நிரலை எழுதி வெளியிட்டார். அதன் மூலக்கருத்து எளிது. ஒவ்வோர் எழுத்தின் வடிவத்தையும் ஒருமுறை மட்டும் வரைந்து சேமித்துவைத்து, அடுத்த முறை அச்சேமிப்பிலிருந்து எடுத்துப் பதிப்பதே அது. அம்மாதிரி முழுமையான முனைய நிரல் அன்று என்பதும் உண்மையே. ஆயினும் இயலாது என்று எண்ணப்பட்டது இயலும் என அது காட்டியது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனமும் ஒரு புதிய வரைபொறியைத் தன் முன்னோட்டப் பதிப்பில் சோதனைக்கு விட்டது.

வேகம் யாருக்காக என்ற வினாவையும் எழுப்புதல் நன்று. சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே உள்ள காலம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. அதற்குள் ஆயிரம் வரிகள் ஓடினாலும் கண் அவற்றைக் காண்பதில்லை. எனவே வரும் செய்தி முழுவதையும் நினைவகத்தில் ஏற்றுக்கொண்டு, திரை புதுப்பிக்கப்படும் வேளையில் இறுதி நிலையை மட்டும் வரைவதே அறிவுடைய முறை. முனைய நிரல் மெதுவாக வாங்கினால், அதற்குச் செய்தி அனுப்பும் நிரலும் காத்துநிற்க நேரிடும், கணக்கீடும் தாமதமாகும். அவ்வளவில் வேகம் இன்றியமையாதது. அதற்கு மேல் ஒரு நிரல் மற்றொன்றை விட எத்தனை மடங்கு விரைந்தது என்று ஒப்பிடுவது பந்தய மனப்பான்மையேயன்றிப் பயனாகாது. மேலும், இவ்வொப்பீடுகளிற் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்களைக் கொண்டே நடத்தப்படுகின்றன. தவறாகக் காட்டப்படும் எழுத்தை விரைவாகக் காட்டுவதால் யாருக்கு என்ன நன்மை?

இங்கே தமிழை எடுத்துக்கொள்வோம். எழுத்துக்கு இத்தனை கட்டம் என்று வரையறுக்கும் விதி ஒன்று யூனிக்ஸ் வழிவந்த அமைப்புக்களில் பரவலாகக் கையாளப்படுகிறது. யூனிகோடு அட்டவணையில் ‘இடங்கொள்ளாக் குறி’ என்று வகுக்கப்பட்டவற்றுக்கு அவ்விதி கட்டம் தருவதில்லை. ‘இடங்கொள் குறி’ என்பவற்றுக்கு ஒரு கட்டம் தருகிறது. புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகரக் குறியும் ஏனைய உயிர்க்குறிகளும் இரண்டாம் வகை. இதன் விளைவு விந்தையானது. ‘கி’ என்பதற்கு இரண்டு கட்டம். ‘கீ’ என்பதற்கு ஒன்று. ‘நிலம்’ நான்கு கட்டங்களைப் பெறுகிறது. ‘நீலம்’ மூன்றையே பெறுகிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணம் கூற, முனைய நிரல் அதனைத் தலைகீழாக்கிவிடுகிறது! மேலும் ‘கெ’, ‘கொ’ போன்றவற்றில் மெய்க்கு முன்னர் நிற்க வேண்டிய கொம்பு, வடிவமைக்கும் ஆற்றலற்ற முனைய நிரல்களில் பின்னே சென்று நிற்கிறது.

வேறு சில நிரல் நூலகங்கள் இதே குறிகளுக்கு அகலம் பூச்சியம் என்கின்றன. பயன்நிரல் ஒரு கணக்கும் முனைய நிரல் வேறொரு கணக்கும் கொண்டால், சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலும் நிற்கும். அழித்த எழுத்தின் எச்சம் திரையில் தங்கும். அட்டவணையின் நிரைகள் கோணலாகும். இவை முறையிடப்படும்பொழுது ‘பிழை’ என்ற பிரிவில் அன்றிப் ‘புதிய வசதி’ என்ற பிரிவில் இடப்படுமாயின், அங்கேயே பல்லாண்டுகள் கிடக்க நேரும். ஆங்கில எழுத்தாகிய ‘ஏ’ இரண்டு கட்டங்களில் பிளந்து நின்றால் அதனை எவரும் வசதிக்குறைவு என்று கூறமாட்டார். ஒரு மொழியின் எழுத்தைப் பிழைபடக் காட்டுவது பிழையே. அவ்வாறே பெயரிடப்பட்டு, அவ்வாறே முதலிடம் பெற வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

இதற்கு மூன்று தடைகள் கூறப்படலாம். முனையத்தில் தமிழை யார் படிக்கிறார் என்பது முதல் தடை. தமிழ் நூல்களின் மின்படிகளையும் சொற்றொகுதிகளையும் ஆராய்வோர் படிக்கின்றனர். கோப்புக்குத் தமிழிற் பெயரிட்ட மாணவனும் படிக்கிறான். படிக்க இயலாதபடி செய்துவிட்டுப் படிப்பார் இல்லை என்று கூறுவது முறையன்று.

இந்திய எழுத்துக்களை வடிவமைப்பதற்கு நேரமாகும், அதனால் வேகம் குன்றும் என்பது இரண்டாம் தடை. இதற்கு விடை 2021-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியிலேயே உள்ளது. தமிழ் எழுத்துக்கள் 247. கிரந்த எழுத்துக்களைச் சேர்த்தாலும் சில நூறுகளில் அடங்கும். ஒவ்வொன்றையும் ஒருமுறை வடிவமைத்துச் சேமித்துவிட்டால், பின்னர் ஆகும் செலவு ஆங்கில எழுத்துக்கு ஆவதனின்றும் பெரிதும் வேறுபடாது. பிழை நீக்கமும் வேக அபிவிருத்தியும் இங்கே பகையல்ல, ஒன்றற்கொன்று துணை.

மூன்றாம் தடையே வலுவுடையது. ஒரு முனைய நிரல் மட்டும் திருந்தினால் போதாது. அதனோடு உரையாடும் பயன்நிரல்களும் அதே கணக்கைக் கொள்ளவேண்டும். எழுத்துக்கொத்தினை ஓரலகாகக் கொள்ளும் ஆற்றல் முனைய நிரலுக்கு உண்டா என்று வினவி அறிவதற்கு, 2027 என்னும் எண்ணுடைய முறைமையைச் சில முனைய நிரல்கள் ஏற்றுள்ளன. இது நல்ல தொடக்கம். ஆனால் ஓரலகாகக் கொண்ட பின்னரும், ‘ஞை’, ‘ணௌ’ போன்ற அகன்ற எழுத்துக்களுக்கு எத்தனை கட்டம் தருவது என்ற வினா எஞ்சுகிறது. ஒரே கட்டத்தில் அவற்றை நெருக்கினால் படிக்க இயலாது. இதற்கு விடையளிக்க வேண்டியோர் அம்மொழியைப் படிப்போரே. நாம் வாளாவிருப்பின், நம் எழுத்தை அறியாதவர்கள் நமக்காக முடிவு செய்வர். அம்முடிவு நிலைத்தும் விடும்.

இத்துறை நமக்குப் புதிதன்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி, 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் வளர்ச்சி பெற்ற ஜிஸ்ட் திட்டத்தின் பெயரிலேயே ‘இந்திய எழுத்து முனையம்’ என்ற சொற்கள் அடங்கியிருந்தன. இந்திய எழுத்துக்களுக்கான இஸ்கி குறிமுறையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் தரமாக வெளியிட்டது. அக்கால அறிஞர்கள் முனையத்தில் நம் எழுத்து முறையாகத் தோன்ற வேண்டும் என்பதை அடிப்படைத் தேவையாகக் கொண்டனர். அந்நோக்கம் இன்றைய முனைய நிரல்களுக்கும் தொடர்ந்திருக்க வேண்டும்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. வி.டி.100-இன் நடத்தையைச் சோதிக்க விடிடெஸ்ட் என்னும் நிரல் இருப்பது போல, இந்திய எழுத்துக்கள் அனைத்தையும் சோதிக்கும் பொதுச் சோதனைத் தொகுதி ஒன்றை நம் நிறுவனங்கள் இயற்றி வெளியிடலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய கட்ட அளவைக் குறித்து மொழியறிஞரும் பொறியியலாளரும் கலந்து ஒரு பரிந்துரை வகுக்கலாம். பொறியியற் கல்லூரி மாணவர்கள் புதிய முனைய நிரல் ஒன்றை எழுதி முடித்தால் பாராட்டுப் பெறுகின்றனர். உள்ள நிரலில் ஒரு பிழையைக் கண்டு, காரணம் ஆய்ந்து, திருத்தி, சோதனையுடன் அளிப்பவருக்கும் அதே மதிப்பெண் வழங்கலாம். முனைய நிரல்களில் பல திறந்த மூலமாகவே கிடைக்கின்றன, கதவு அடைபட்டிருக்கவில்லை.

திருத்தும் பணிக்கு விழா இல்லை. பிழை நீங்கிய பின் அப்பிழை இருந்ததையே உலகம் மறந்துவிடும். ‘நிலம்’ என்பதும் ‘நீலம்’ என்பதும் திரையில் ஒழுங்காக நிற்கும் நாளில், அதனை யாரும் வியப்புடன் நோக்கப்போவதில்லை. அவ்வாறு வியப்பின்றி ஏற்கப்படும் நிலையே இப்பணியின் வெற்றி. அதற்கான முதற்படியை எடுத்து வைக்கும் பொறுப்பு, இம்மொழிகளைப் பேசியும் எழுதியும் வாழும் நம்முடையதேயாகும்.