மூன்று வயதில் தட்ட வேண்டிய கதவு

பதினாறு வயதுப் பையன் ஒருவன் அரிவாளோடு பிடிபட்டான் என்று செய்தி வந்தால் போதும், டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் ஒரே கேள்விதான் கேட்கிறது: அவனை என்ன செய்யலாம்? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்கவும் வழிவிட்டது. அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது அந்த வீட்டுக்கு யாராவது போனார்களா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரை மூன்று வயது முதல் ஆய்வாளர்கள் விடாமல் பின்தொடர்ந்து வருகிறார்கள். அந்தத் தகவல்களை அலசிய உளவியலாளர் டெரி மாஃபிட், வம்பு செய்யும் பதின்வயதினரில் இரண்டு வகையினர் உண்டு என்று 1993இல் எழுதினார். பெரும்பாலோர் பதின்வயதில் தடம் மாறி, வளர்ந்தபின் அடங்கிவிடுவார்கள். சிறு பங்கினரோ, பால்வாடிப் பருவத்திலேயே அடிதடியும் அடக்க முடியாத ஆத்திரமுமாகத் தொடங்கி, வளர்ந்தபின்னும் விடமாட்டார்கள். டுனிடின் ஆண்களில் இந்த இரண்டாம் வகையினர் சுமார் 10 சதவீதம்.

அந்தச் சிலர் பிறவியிலேயே கெட்டவர்களா? ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தெற்கு லண்டனின் உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த 411 சிறுவர்களை, 1961 முதல், அவர்களுடைய எட்டு வயதிலிருந்து கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. டொனால்ட் வெஸ்ட் தொடங்கி, டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்தது. பின்னாளில் குற்றவாளியானவர்களின் சிறுவயதில் திரும்பத் திரும்பத் தென்பட்டவை: வறுமை, பிள்ளைகள் நிறைந்த வீடு, தண்டனை பெற்ற தகப்பன் அல்லது தாய், பிள்ளை எங்கே போகிறான் என்று கவனிக்க ஆளில்லாமை, பள்ளியில் பின்தங்கல், எதையும் யோசிக்காமல் செய்யும் அவசரம். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பிள்ளை பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. நாலைந்து சேரும்போதுதான் வழுக்குகிறது.

இதைப் படித்ததும் 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று எவரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஆய்வை வைத்து லீ ராபின்ஸ் 1966இலேயே சொன்னார்: வளர்ந்தபின் சமூகத்தோடு மோதுகிறவர்கள் அநேகமாக எல்லோருமே சிறுவயதில் முரட்டுப் பிள்ளைகள்தாம், ஆனால் முரட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படி ஆவதில்லை. நான்கு வயதுக் குழந்தையின் பெயருக்கு எதிரே 'ரவுடி' என்று மனத்துக்குள் எழுதிவைக்கும் ஆசிரியரும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு ஆபத்தாகிவிடுகிறார்.

அப்படியானால் என்ன செய்வது?

மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டியில் 1962 முதல் 1967 வரை டேவிட் வைகார்ட்டின் குழு ஒரு வழியைச் செய்து காட்டியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் குழந்தைகள் 123 பேர். அவர்களில் குலுக்கல் முறையில் எடுத்த 58 பேருக்கு மூன்று, நான்கு வயதில் பாலர் பள்ளி. தினமும் காலையில் இரண்டரை மணி நேரம். இன்று எதை வைத்து விளையாடப் போகிறேன் என்று குழந்தையே சொல்லும், அதைச் செய்யும், செய்ததை உட்கார்ந்து திரும்பச் சொல்லும். யோசித்துவிட்டுச் செய்யும் பழக்கம் அங்கே விளையாட்டாகவே படிந்தது. வாரம் ஒருமுறை பள்ளி ஆசிரியையே பிற்பகலில் வீட்டுக்கு வந்து, தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்துவிட்டுப் போவார்.

அந்தக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறியது. தொடக்கப் பள்ளிக் காலத்திலேயே அந்த ஏற்றம் கரைந்தும் போனது. திட்டம் தோற்றதென்றே பலர் நினைத்தார்கள். ஆனால் நாற்பது வயதில் கணக்கெடுத்தபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் திட்டத்தில் இல்லாதவர்களிடையே 55 சதவீதம். பாலர் பள்ளிக்குப் போனவர்களிடையே 36 சதவீதம். பொருளியல் நோபல் பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனும் சகாக்களும் இதன் காரணத்தைத் துருவினார்கள். ஆண்களிடையே குற்றம் குறைந்ததற்கு, சிறுவயதிலேயே அடிதடி, பொய், திருட்டு போன்ற பழக்கங்கள் குறைந்ததே முக்கியக் காரணம் என்று 2013இல் காட்டினார்கள். 123 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் நாற்பது வயது வரை நிலைத்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாது.

இந்தக் கதவைத் தட்டும் கைகள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில், மூன்று வயதுக் குழந்தையைத் தினமும் பார்க்கிற அரசுத் தரப்பு ஆள் அந்த மையத்தின் டீச்சர்தான். வீடுகளுக்குப் போவதும் அவர் வேலைப் பட்டியலில் உண்டு. ஆனால் எடை போடுவது, சத்துமாவு தருவது, பதிவேடு எழுதுவது, அதையே கைபேசிச் செயலியில் ஏற்றுவது என்று நாள் ஓடிவிடுகிறது. சட்டத்தோடு மோதிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லங்களுக்கு அரசு செலவிடுகிறது. அதே அக்கறையோடு, மையத்துக்கு இன்னொரு பணியாளரை நியமித்து, குழந்தை வளர்ப்பு பற்றித் தாயோடு பேசப் பயிற்சி தந்து, வாரத்தில் ஒரு பிற்பகலையாவது டீச்சருக்கு விடுவித்துத் தர வேண்டும். தகப்பன் சிறையில் இருக்கும் வீடும், விடியுமுன் வேலைக்குப் போகும் தாயின் வீடும் எவை என்று அவருக்குத் தெரியும். வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயருக்கு நேரே அடிக்கடி 'வரவில்லை' என்று விழுகிறதோ, அந்த வீட்டிலிருந்து அவர் தொடங்கட்டும்.